தரைக்குக் கீழே ஒரு காற்று

பூட்டிய வீட்டின் வாடை

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய்விட்டுப் பத்து நாள் கழித்துத் திரும்பி வந்து கதவைத் திறந்தால் முகத்தில் ஒரு வாடை அடிக்கும். போகும்போது வீட்டைப் பெருக்கித் துடைத்துவிட்டுத்தான் போயிருப்பார்கள். ஜன்னல்கள் அடைத்தே கிடந்திருக்கும். பிறகு அந்த வாடை எங்கிருந்து வந்தது?

பாதிக் காரணம் பிளம்பர்களுக்குத் தெரியும். குளியலறைத் தரையில் அவர்கள் பதிக்கும் நஹானி டிராப்பில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். சாக்கடைக் காற்று மேலே வராமல் அந்தத் தண்ணீர்தான் அடைத்துக்கொண்டிருக்கிறது. பத்து நாள் யாரும் தண்ணீர் ஊற்றாவிட்டால் அது வற்றி, வழி திறந்துவிடும். ஆனால் குளியலறையே இல்லாத தரைத்தளக் கிடங்கிலும் இப்படியொரு வாடை சேர்வதுண்டு. அங்கே குழாய் இல்லை. சிமெண்ட் தரையும் அதற்குக் கீழே மண்ணும்தான் இருக்கின்றன.

பெரும்பாலான வீடுகளில் இந்த வாடை ஜன்னலைத் திறந்து வைத்தால் போய்விடும், தீங்கும் இல்லை. ஒரு காலத்தில் பெட்ரோல் பங்க்காகவோ லாரி பட்டறையாகவோ சலவைக் கூடமாகவோ இருந்த மனையில் எழும்பிய கடை என்றால் விஷயம் வேறு. திருநெல்வேலியில் சந்திப்பு, வண்ணார்பேட்டை, புறவழிச்சாலை ஓரங்களில் நிலத்தின் விலை ஏற ஏற, ஒரு தொழில் நடந்த இடத்தில் இன்னொரு தொழில் வருகிறது. பழைய கட்டடத்தை ஒரு வாரத்தில் இடித்துவிடலாம். அதன் அடியில் ஊறியிருப்பது அவ்வளவு சீக்கிரம் போகாது.

மண்ணுக்குள் இருக்கும் வேதிப்பொருள் ஆவியாகித் தரை வழியாகக் கட்டடத்துக்குள் வருவதை ‘ஆவி ஊடுருவல்’ என்று சொல்லலாம். அதை எப்படித் தடுப்பது, தடுத்துவிட்டோம் என்று எப்படி உறுதி செய்வது என்பதே இந்த அத்தியாயம்.

மண்ணுக்குள் எவ்வளவு காற்று

மண் கெட்டியான பொருளாகத் தோன்றினாலும் அதன் கொள்ளளவில் நான்கில் ஒரு பங்கு முதல் பாதிவரை வெற்றிடம்தான். அந்த இடைவெளிகளில் தண்ணீரும் காற்றும் பங்கு போட்டுக்கொள்கின்றன. அந்தக் காற்றுக்கு ‘மண்வளி’ என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

பொதிகையில் பிறந்து புன்னைக்காயல் அருகே கடலில் சேரும் தாமிரபரணியின் சமவெளியில் மண்வளிக்கு இரண்டு வகையான வீடுகள் உண்டு. ஆற்றோரத்தில் வண்டலும் மணலும். பருமணலில் காற்று எளிதாக நகரும். ஆற்றை விட்டு விலகினால் செம்மண், அதன் கீழே மக்கிய பாறை, அதற்கும் கீழே வெடிப்புகள் ஓடிய கெட்டிப் பாறை. கிணறு வெட்டியவர்களுக்குத் தெரியும், தண்ணீர் ஊறுவது அந்த வெடிப்புகளில்தான். தண்ணீர் இறங்கிப்போன காலத்தில் அதே வெடிப்புகள் காற்றுக்கு வழியாகின்றன.

சரி, கீழே இருக்கும் காற்று ஏன் மேலே வரவேண்டும்? காற்றழுத்தம்தான் காரணம். கட்டடத்தின் உள்ளே அழுத்தம் தரைக்கடியில் இருப்பதைவிடச் சற்றுக் குறைந்தால் போதும், மண்வளி விரிசல் வழியாகவும் தூண் ஓரத்து இடைவெளி வழியாகவும் குழாய் நுழையும் ஓட்டை வழியாகவும் உள்ளே ஏறும். அந்த வித்தியாசம் மிகச் சிறியது. அழுத்தத்தை அளக்கும் அலகு பாஸ்கல். நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் சுமார் 1,00,000 பாஸ்கல். தரைக்கடியில் இரண்டு, மூன்று பாஸ்கல் வித்தியாசமே மண்வளியை இழுக்கப் போதும். ஒரு பாஸ்கல் என்பது தண்ணீர் மட்டத்தில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு.

குளிர் நாடுகளில் இந்த இழுப்பைத் தருவது வீட்டின் வெதுவெதுப்பு. உள்ளே சூடேறிய காற்று மேலே போய் மாடி இடுக்குகளில் வெளியேற, கீழிருந்து மண்வளி அந்த இடத்தை நிரப்ப வருகிறது. நெல்லையில் ஏ.சி. ஓடும் கடையில் இது தலைகீழாகலாம்: குளிர்ந்த கனமான காற்று கீழே தங்கித் தரையோரமாக வெளியே தள்ளும். அது ஓரளவு பாதுகாப்பு. ஆனால் அந்தப் பாதுகாப்பைக் குலைக்க இங்கே வேறு பல சக்திகள் இருக்கின்றன. கழிப்பறையிலும் உணவகச் சமையலறையிலும் ஓடும் எக்ஸாஸ்ட் விசிறி உள்ளிருக்கும் காற்றை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வீசும் மேற்குக் காற்று கட்டடத்தின் மறுபக்கத்தில் இழுப்பை உண்டாக்கும். இவற்றோடு, ஸ்பிளிட் ஏ.சி. அறையில் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கிறது, புதுக்காற்றைக் கொண்டுவருவதில்லை. நுழைந்த ஆவி அங்கேயே சுற்றும்.

வெப்பமண்டலத்துக்கே உரிய இன்னொரு ஆட்டமும் உண்டு. இங்கே வளிமண்டல அழுத்தம் நாள்தோறும் இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்கும். காலை பத்து மணி, இரவு பத்து மணி வாக்கில் உச்சம். அதிகாலை நாலு, மாலை நாலு வாக்கில் தாழ்வு. ஏற்ற இறக்கம் சுமார் 300 பாஸ்கல். மேலே அழுத்தம் குறையும்போது மண் மூச்சை வெளியே விடுகிறது. தினமும் தவறாமல் நடக்கும் இந்த மூச்சை அளவெடுப்பவர் மறந்துவிடக் கூடாது.

கதிர்வீச்சு மணி காட்டிக்கொடுத்த வீடு

தரை வழியாக வரும் காற்று ஆபத்தாகலாம் என்று உலகத்துக்கு உறைக்கச் செய்தது பெட்ரோலோ ரசாயனமோ அல்ல, பாறையில் இயற்கையாகப் பிறக்கும் ஒரு வாயு.

1984 டிசம்பர். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், வணிக மின் உற்பத்தியை இன்னும் தொடங்காதிருந்த லிமரிக் அணுமின் நிலையத்தில் ஸ்டான்லி வாட்ராஸ் என்ற பொறியாளர் வேலை பார்த்தார். ஊழியர்கள் கதிர்வீச்சைச் சுமந்து வெளியே போகிறார்களா என்று பார்க்கும் கருவி அவரைக் கண்டாலே அலறியது. நிலையத்திலிருந்து வருவது என்றுதான் முதலில் நினைத்தார்கள். காலையில் வேலைக்கு உள்ளே வரும்போதே அது அலறியபோது காரணம் புரிந்தது: அவர் அதை வீட்டிலிருந்து கொண்டுவந்திருக்கிறார். வீட்டை அளந்தால், ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 1,00,000 பெக்கரல் ரேடான். பெக்கரல் என்பது நொடிக்கு ஓர் அணு சிதைவதைக் குறிக்கும் அலகு. உலக சுகாதார நிறுவனம் வீடுகளுக்குப் பரிந்துரைக்கும் அளவு 100.

ரேடான் யுரேனியம் சிதைந்து வருவது, நிறமில்லை, மணமில்லை, 3.8 நாளில் பாதி மறைந்துவிடும். புகைபிடிக்காதவர்களிடையே நுரையீரல் புற்றுநோய்க்கு முதன்மையான காரணங்களில் ஒன்று. கிரானைட், நைஸ் போன்ற பாறைகள் நிறைந்த நிலங்களில் அது எப்போதும் மண்வளியில் இருக்கும். திருநெல்வேலியும் அப்படிப்பட்ட பாறை நிலம்தான்.

வாட்ராஸ் வீடு போன்ற இடங்களில் பொறியாளர்கள் கற்ற பாடம் எளிமையானது. மண்ணைத் தோண்டி அகற்ற முடியாது. விரிசல்களை எல்லாம் அடைப்பதும் நடக்காத காரியம், ஒன்றை அடைத்தால் இன்னொன்று திறக்கும். அதனால் இழுப்பின் திசையைத் திருப்பினார்கள். தரைக்கு அடியில் ஒரு குழாய் நுழைத்து, மாடியில் ஒரு சிறு விசிறி வைத்து, தரைக்கடி அழுத்தத்தை வீட்டுக்குள் இருப்பதைவிடக் குறைத்தார்கள். விரிசல் இருந்தாலும் காற்று இப்போது வீட்டிலிருந்து கீழே போகும். கீழிருந்து மேலே வராது. சீவிய இளநீரில் ஸ்ட்ரா வைத்து உறிஞ்சுவது போலத்தான் இது. இதற்குத் ‘தளத்தடி உறிஞ்சல்’ என்று பெயரிடலாம்.

தண்டையார்பேட்டையும் மவுண்டன் வியூவும்

ரேடானுக்காகக் கண்டுபிடித்த வழியை வேதிப்பொருள் ஆவிக்கும் பயன்படுத்த ஆரம்பித்ததற்குக் காரணம், தொழில் நிலங்களில் மக்கள் குடியேறியதும் கடைகள் வந்ததும்.

தமிழ்நாட்டுக்கு நெருங்கிய உதாரணம் வட சென்னை. 2013 ஜூலையில் தண்டையார்பேட்டை வரதராஜப் பெருமாள் கோயில் தெரு மக்கள் ஆழ்துளைக் கிணற்று நீரில் எண்ணெய் வருவதைக் கண்டார்கள். பாரத் பெட்ரோலியம் நிறுவனத்தின் நிலத்தடிக் குழாயிலிருந்து கசிந்த எண்ணெய் தரையடி நீரில் சேர்ந்திருந்தது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை வழக்குப் போனது. கிணற்றில் மிதக்கும் எண்ணெய் கண்ணுக்குத் தெரியும். அதனால்தான் மக்கள் கேள்வி கேட்க முடிந்தது. அதே எண்ணெய் ஆவியாகி மேலே வரும்போது யாருக்கும் தெரிவதில்லை.

கடலுக்கு அப்பால் இன்னொரு உதாரணம். கலிபோர்னியாவின் மவுண்டன் வியூவில் 1960, 70களில் ஃபேர்சைல்ட், இன்டெல், ரேதியான் ஆகியவை சிப்புகள் செய்தன. உலோகத்தையும் சிலிக்கனையும் சுத்தம் செய்ய டிரைகுளோரோஎத்திலீன் என்ற கரைப்பானைப் பயன்படுத்தினார்கள். தொட்டிகளிலிருந்து அது நிலத்தில் இறங்கியது. பிறகு அந்த இடத்தில் அலுவலகங்கள் எழும்பின. கூகுள் நிறுவனம் வாடகைக்கு எடுத்திருந்த இரண்டு கட்டடங்களில் 2012 இறுதியில் அந்த ஆவி அனுமதித்த அளவைத் தாண்டியது தெரியவந்தது. காற்றோட்ட அமைப்பு சரிவர ஓடாத நாட்களில்தான் அப்படி ஆனது. 

பழைய தொழில் நின்று பல ஆண்டுகள் ஆன பின்னும் ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. அதைக் கட்டடத்துக்குள் விடாமல் வைத்திருந்தது ஓர் இயந்திரம். அது சரியாக ஓடாதபோது ஆவி உள்ளே வந்துவிட்டது.

சாக்கடை வழியையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். 1992 ஏப்ரல் 22 அன்று மெக்சிகோவின் குவாதலஹாரா நகரில், துருப்பிடித்த பெட்ரோல் குழாயிலிருந்து கசிந்தது பாதாளச் சாக்கடைக்குள் புகுந்து வெடித்து 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நாலு நாளாகத் தெருவில் பெட்ரோல் வாடை வருவதாக மக்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். திருநெல்வேலியில் பாதாளச் சாக்கடை விரிந்துவரும் காலத்தில், எண்ணெய் சேமிக்கப்பட்ட மனைக்கு அருகே அந்தக் குழாய் ஓடுகிறதா என்று பார்ப்பது பொறியாளரின் வேலைகளில் ஒன்றாக வேண்டும்.

பெட்ரோலைத் தின்னும் உயிர்கள்

மண்ணில் ஊறிய பெட்ரோலும் பழைய கரைப்பானும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. பெட்ரோலிய ஆவி மேலே ஏறும்போது மண்ணில் வாழும் பாக்டீரியாக்கள் அதை உணவாக்கிக்கொள்கின்றன. அதற்கு அவற்றுக்கு ஆக்சிஜன் வேண்டும். மேலிருந்து காற்று இறங்கும் தளர்ந்த மண்ணில் இரண்டு மீட்டர் சுத்தமான மண் இருந்தாலே பெரும்பாலான ஆவி தீர்ந்துவிடும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2015-ல் வெளியிட்ட வழிகாட்டி, நிலத்தடி நீரில் கரைந்த பெட்ரோலுக்கு 6 அடியும், மிதக்கும் எண்ணெய்க்கு 15 அடியும் இடையே இருந்தால் கட்டடத்துக்கு அபாயம் குறைவு என்கிறது. வெதுவெதுப்பான தமிழ் மண்ணில் இந்த உயிர்கள் சுறுசுறுப்பாக இருக்கும்.

ஆனால் அகலமான கான்கிரீட் தரை மேலே மூடிவிட்டால் நடுப்பகுதிக்கு ஆக்சிஜன் போய்ச் சேராது. மழையில் களிமண் ஊறிப் போனாலும் அப்படித்தான். அங்கே பாக்டீரியாக்கள் பட்டினி கிடக்கும், ஆவி மேலே வரும். கரைப்பான்களின் கதையோ வேறு: டிரைகுளோரோஎத்திலீன், உலர் சலவைக்கான பெர்குளோரோஎத்திலீன் போன்றவற்றை இந்த உயிர்கள் அவ்வளவு எளிதில் தின்பதில்லை. அந்த மனைகளில் தூரமும் காலமும் அவ்வளவாகக் காப்பாற்றாது.

ஒரு பங்க் மனை கடையாகிறது

இனி ஒரு கணக்கைப் படிப்படியாகப் போட்டுப் பார்ப்போம். மனை கற்பனை, எண்கள் விளக்கத்துக்காக. நெல்லையில் ஒரு முனையில் இருபது ஆண்டுகள் பெட்ரோல் பங்க் நடந்து மூடப்பட்டது. தொட்டிகளைத் தூக்கி எடுத்தார்கள். தொட்டி இருந்த குழியின் மண் கறுத்திருந்தது, வாடை அடித்தது. மண்ணை ஓரளவு வெட்டி அகற்றினார்கள். இப்போது 20 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலத்தில் இரண்டு மாடி வணிக வளாகம் வரப்போகிறது.

பத்திரமும் வில்லங்கச் சான்றும் யார் யாரிடமிருந்து யாருக்குப் போனது என்பதைச் சொல்லும். மண்ணில் என்ன ஊறியிருக்கிறது என்பதைச் சொல்லாது. அதை அறிய மனையின் பல இடங்களில் ஒன்றரை மீட்டர் ஆழத்துக்குச் சிறு குழாய் இறக்கி மண்வளியை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பவேண்டும். பெட்ரோல் மனையில் முதலில் தேடவேண்டியது பென்சீன். இந்திய பெட்ரோலில் அது அதிகபட்சம் 1 விழுக்காடு இருக்கலாம்; நீண்ட நாள் சுவாசித்தால் ரத்தப் புற்றுநோய் உண்டாக்கும். இந்தியத் தேசியத் தரத்தின்படி வெளிக்காற்றில் பென்சீனின் ஆண்டுச் சராசரி வரம்பு ஒரு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம்; அறைக்கும் அதையே அளவுகோலாகக் கொள்வோம்.

நம் மனையில் மண்வளியில் 1,000 மைக்ரோகிராம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கட்டடத்துக்குள் எவ்வளவு வரும்? தரையும் காற்றோட்டமும் அதை நீர்க்கச் செய்யும். எவ்வளவு நீர்க்கும் என்பதைத் ‘தணிவு விகிதம்’ என்பார்கள். விவரம் தெரியாத நிலையில் அமெரிக்க முகமை எச்சரிக்கையாக எடுக்கும் எண் நூற்றுக்கு மூன்று. 1,000-ல் நூற்றுக்கு மூன்று 30. அதாவது வரம்பைப் போல ஆறு மடங்கு. கட்டட உரிமையாளர் இனி கண்ணை மூடிக்கொண்டு தளம் போட முடியாது.

ஜல்லி, குழாய், விரிப்பு

தரைத்தளம் போடுவதற்கு முந்தைய வாரம்தான் மலிவான வாரம். மண் நிரப்பி, கெட்டித்து, கரையான் மருந்து அடித்து முடித்த பிறகு, பத்து சென்டிமீட்டர் கனத்துக்கு முக்கால் இஞ்சு ஜல்லி பரப்பவேண்டும். அது தூசி இல்லாத, அலசிய ஜல்லியாக இருக்கவேண்டும். கிரஷர் தூசி கலந்தால் இடைவெளிகள் அடைத்து, உறிஞ்சும் காற்று மூலைக்குப் போய்ச் சேராது.

ஜல்லிக்குள் துளையிட்ட நாலு இஞ்சு பி.வி.சி. குழாய் படுக்கவைத்து, ஒரு மூலையில் நிமிர்த்தி மாடி வரை கொண்டுபோகவேண்டும். இங்கே நம் ஊர்க் கட்டுமானத்தில் ஒரு சிக்கல் உண்டு. தூண்களை இணைக்கும் பிளிந்த் பீம்கள் தரைக்கடியைப் பல அறைகளாகப் பிரித்துவிடும். ஓர் அறையில் உறிஞ்சினால் அடுத்த அறைக்கு அது எட்டாது. பீம் வார்க்கும்போதே நாலு இஞ்சு குழாய்த் துண்டை அதன் குறுக்கே வைத்துவிட்டால் வழி கிடைக்கும். பீம் வார்த்த பிறகு என்றால் கோர் கட்டிங் இயந்திரம் கொண்டுவரவேண்டும்.

ஜல்லிக்கு மேலே ஆவித்தடுப்பு விரிப்பு. ஈரத்தைத் தடுக்கக் கட்டுமானத்தில் விரிக்கும் மெல்லிய கறுப்பு பாலிதீன் இதற்குப் போதாது. அது எளிதில் கிழியும். பெட்ரோல் ஆவியும் பாலிதீனுக்குள் மெதுவாகக் கரைந்து மறுபக்கம் வந்துவிடும். இதற்கு ஏற்ற பல அடுக்கு விரிப்புகளில் நடுவே ஈ.வி.ஓ.ஹெச். என்ற பிசின் அடுக்கு இருக்கும். கார்களின் பிளாஸ்டிக் பெட்ரோல் டேங்க்குகளில் ஆவி வெளியேறாமல் தடுப்பதும் அதே பிசின்தான்.

விரிப்பு விரித்த பிறகுதான் மேஸ்திரிக்கு உண்மையான சோதனை. கம்பி கட்டுகிறவர்கள் அதன் மேல் நடப்பார்கள். கட்டுக்கம்பி முனைகள் குத்தும். யாரோ ஒருவர் குழாய் நுழைக்க ஒரு மூலையைக் கத்தியால் கீறுவார். தூண்களைச் சுற்றியும் மின்குழாய், தண்ணீர்க் குழாய் நுழையும் இடங்களிலும் விரிப்பை இறுக ஒட்டவேண்டும். ஓட்டைகள் அங்கேதான் அதிகம்.

கான்கிரீட் கொட்டுவதற்கு முன் புகைச் சோதனை. விரிப்புக்கு அடியில் இருக்கும் குழாய் வழியாக நச்சில்லாத புகையை ஊதினால், கிழிசல் இருக்கும் இடத்தில் வெள்ளைக் கோடாகப் புகை எழும். அங்கேயே ஒட்டுப்போட்டு மறுபடி ஊதவேண்டும். இந்தச் சோதனையைத் தவிர்த்தால் எந்த இடத்தில் கிழிந்தது என்பதைப் பிறகு யாராலும் கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் மேலே பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் கான்கிரீட் உட்கார்ந்திருக்கும்.

மொட்டை மாடியில் விசிறி

குழாய் மாடிக்கு வந்த பிறகு விசிறி வைக்கும் இடம் ஒரு சூட்சுமம். விசிறியைத் தரைத்தளத்தில் வைத்தால் அதற்கு மேலுள்ள குழாய் முழுவதும் அழுத்தத்தில் இருக்கும். இணைப்பில் கசிந்தால் ஆவி கட்டடத்துக்குள் வரும். மாடியில் வைத்தால் குழாய் முழுவதும் உறிஞ்சலில் இருக்கும். கசிந்தாலும் கட்டடக் காற்றுதான் குழாய்க்குள் போகும். அதனால் விசிறி எப்போதும் உச்சியில்.

வெளிவாய் எங்கே? அமெரிக்க நடைமுறையில் கூரைக்கு ஓர் அடி மேலே, ஜன்னல்களுக்குப் பத்தடி தள்ளி இருந்தால் சரி. அங்கே கூரையில் யாரும் உட்காருவதில்லை. திருநெல்வேலியில் மொட்டை மாடி என்பது மக்கள் புழங்கும் இடம்: துணி காயும், வடகம் காயும், கோடை இரவில் படுக்கை விரிப்பார்கள். வெளிவாயைத் தலைக்கு மேல், தண்ணீர்த் தொட்டிக்கும் பக்கத்துக் கட்டட ஜன்னலுக்கும் எட்டாத உயரத்தில் முடிப்பதுதான் நமக்கேற்ற விதி.

பெட்ரோல் ஆவி காற்றில் 1.4 விழுக்காட்டைத் தாண்டினால் தீப்பொறி பட்டால் வெடிக்கும். குழாய்க்குள் அந்த அளவுக்கு வர வாய்ப்பிருக்கும் மனையில் தீப்பொறி எழாத மோட்டார் கட்டாயம். மண்வளி ஈரமானது, குளிரூட்டிய சுவருக்குள் ஓடும் குழாயில் அது வியர்த்துத் தண்ணீராகும். தண்ணீர் மீண்டும் ஜல்லிக்கே வடியும்படி குழாய்க்குச் சாய்வு தரவேண்டும்.

அரை மில்லிமீட்டர்

விசிறி ஓடுகிறது என்பதால் பாதுகாப்பு வந்துவிட்டது என்று ஆகாது. உறிஞ்சும் குழாயிலிருந்து தூரமான மூலையில், தளத்தில் விரலளவு துளை போட்டு, நுண் அழுத்தமானியின் குழாயை இறக்கி அளக்கவேண்டும். தரைக்கு மேலே உள்ளதைவிடக் கீழே ஒரு பாஸ்கலாவது குறைவாக இருக்கவேண்டும். ஐந்து பாஸ்கல் இருந்தால் நல்லது. ஐந்து பாஸ்கல் என்பது தண்ணீர் மட்டத்தில் அரை மில்லிமீட்டர். அவ்வளவு சிறிய வித்தியாசம்தான் மக்களின் நுரையீரலுக்கும் பழைய பெட்ரோலுக்கும் இடையே நிற்பது.

எல்லா எக்ஸாஸ்ட் விசிறிகளையும் போட்டு, கதவுகளை அடைத்து, மோசமான நிலையில் அளக்கவேண்டும். ஒரு மூலையில் அழுத்தமானி சுழியத்தைக் காட்டினால் நம் மனையில் சந்தேகம் முதலில் பிளிந்த் பீம் மீது விழும். இரண்டாவது சந்தேகம் ஜல்லிக்குள் நிற்கும் தண்ணீர் மீது.

ரேடானின் சாட்சியம்

அடுத்தது அறைக் காற்று. வெற்றிடமாக்கிய ஆறு லிட்டர் எஃகுக் கலனின் வாயில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வைப் பொருத்தித் திறந்து வைத்தால் எட்டு மணி நேரத்தில் மெதுவாகக் காற்றை இழுத்துக்கொள்ளும். வேலை நேரம் எட்டு மணி என்பதால் அந்தக் கணக்கு. பெயிண்ட், தின்னர், வார்னிஷ், ஜெனரேட்டருக்கான பெட்ரோல் கேன் எல்லாவற்றையும் முன்னதாக அகற்றவேண்டும். வெளியே சாலையோரக் காற்றையும் ஒரு கலனில் எடுக்கவேண்டும்.

நம் கணக்கில் அறையில் பென்சீன் 9 மைக்ரோகிராம் வந்தது. வரம்பு 5. உறிஞ்சல் தோற்றுவிட்டதா? அப்படி முடிவெடுக்க முடியாது, ஏனென்றால் பென்சீன் சாலையில் ஓடும் வண்டிகளிலிருந்தும் வரும். எது மண்ணிலிருந்து, எது சாலையிலிருந்து?

இங்கே வாட்ராஸ் வீட்டு ரேடான் உதவிக்கு வருகிறது. அறைக்குள் வரும் ரேடானில் பெரும்பகுதி மண்ணிலிருந்துதான். சாலையிலிருந்தோ வண்டியிலிருந்தோ வருவதில்லை. தரைக்கடியில் 20,000 பெக்கரல், அறையில் 60, வெளியே 10 என்று வைத்துக்கொள்வோம். வெளியிலிருந்து வந்ததைக் கழித்தால் மண்ணிலிருந்து வந்தது 50. 20,000-ல் 50 என்றால் நானூறில் ஒரு பங்கு. பென்சீனும் ஏறத்தாழ அதே வழியில்தான் வரும் என்று கொண்டால், 1,000-ல் நானூறில் ஒரு பங்கு 2.5 மைக்ரோகிராம். மீதி 6.5 சாலையின் பங்கு. உறிஞ்சல் வேலை செய்கிறது. கடைக்காரர் அடுத்து யோசிக்கவேண்டியது சாலைப் பக்கக் கதவை.

கெட்டிப் பாறை நிலமான நெல்லையில் இந்தச் சாட்சியம் எளிதாகக் கிடைக்கும். ஆய்வகத்துக்கு அனுப்பும் பென்சீன் கலன் விலை அதிகம். ரேடான் அளவியைக் கடை மூலையில் வைத்துவிட்டால் மாதக்கணக்கில் அதுவே எண்களைப் பதிந்துகொண்டிருக்கும்.

எந்த மாதத்தில் அளப்பது

பங்குனி வெயிலில் ஒருமுறை அளந்து சான்று கொடுத்துவிடுவது போதாது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்யும்போது நிலத்தடி நீர் மேலேறி மண்வளியை மேல்நோக்கித் தள்ளும். சுற்றிலும் தரை நனைந்து மூடிக்கொள்ளும்போது, காய்ந்திருக்கும் ஒரே இடம் கட்டடத்தின் அடிப்பகுதி. மண்வளிக்குப் போக வேறு வழி இருக்காது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. அப்படிப்பட்ட நாளில் ஜல்லிக்குள் தண்ணீர் நிரம்பினால் விசிறியால் அங்கிருந்து காற்றை இழுக்க முடியாது. ஜல்லித் தளத்துக்கு வடிகால் வழி முதலிலேயே வேண்டும். அதனால் அளவு ஒன்று கோடையில், ஒன்று மழைக்காலத்தில். அதிலும் அழுத்தம் தாழும் மாலை நேரத்தைத் தவிர்க்காமல்.

2025 ஜூலையில் மத்திய அரசு மாசடைந்த இடங்களின் மேலாண்மைக்கென்று தனி விதிகளை அறிவித்தது. சந்தேகத்துக்குரிய இடங்களை மாவட்ட நிர்வாகம் அடையாளம் காட்டவேண்டும். மாநில மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் ஆய்வு செய்யவேண்டும். மாசு செய்தவர் செலவை ஏற்கவேண்டும். தாமிரபரணிக் கரையின் பழைய பங்க்குகளும் பட்டறைகளும் அந்தப் பட்டியலுக்குள் எப்போது வரும் என்பதை உள்ளூர்க்காரர்கள் கேட்டு வாங்கவேண்டியிருக்கும். நகரமைப்பு அனுமதி கொடுக்கும் மேசையிலேயே, இந்த மனையில் முன்பு என்ன தொழில் நடந்தது என்ற ஒரே கேள்வியைச் சேர்த்துவிட்டால், ஜல்லியும் குழாயும் சரியான வாரத்தில் இறங்கும்.

விசிறியை எப்போது நிறுத்தலாம்

கடை திறந்து சில ஆண்டுகளில் உரிமையாளர் கேட்பார்: இந்த விசிறி எத்தனை நாள் ஓடவேண்டும்? அதற்கும் சோதனை இருக்கிறது. விசிறியை நிறுத்திவிட்டு, மண்வளி பழைய நிலைக்குத் திரும்ப ஒரு மாதம்போல விட்டு, தரைக்கடியில் மீண்டும் அளக்கவேண்டும். உறிஞ்சிக்கொண்டே இருக்கும்போது எண் குறைவாகத்தான் காட்டும். நிறுத்திய பிறகு ஏறுகிறதா என்பதே கேள்வி. இதை ‘மீளெழுச்சிச் சோதனை’ என்பார்கள்.

நம் கற்பனை மனையில் முதல் முறை நிறுத்தியபோது பென்சீன் மீண்டும் 400-க்கு ஏறியது. விசிறியை மறுபடி ஓட்டினார்கள். ஜல்லி வழியாக இறங்கிய புதுக்காற்றில் ஆக்சிஜன் இருந்தது. அது கீழே பட்டினி கிடந்த பாக்டீரியாக்களுக்குப் போய்ச் சேர்ந்தது. கட்டடத்தைக் காக்க வைத்த விசிறி மண்ணைச் சுத்தம் செய்யவும் தொடங்கியது. அடுத்த மீளெழுச்சிச் சோதனையை மழைக்காலம் முடிந்து, நிலத்தடி நீர் இறங்கத் தொடங்கும் தை மாதத்தில் வைத்துக்கொள்வார்கள். அந்த எண்ணும், அதற்கடுத்த ஐப்பசியின் எண்ணும் 160-க்குக் கீழே இருந்தால், நூற்றுக்கு மூன்று என்ற கடுமையான கணக்கில்கூட அறைக்குள் 5-ஐத் தாண்டாது, விசிறியைக் கழற்றலாம். குழாயை மட்டும் அப்படியே விட்டுவைக்கவேண்டும்.